கல்முனையில் கழற்றிவிட்ட வயர்

நான் இயல்பிலேயே பயந்த சுபாவம். திருச்சியில் சாலையைக் கடக்க வேண்டுமென்றால், இன்னும் நாலு பேர் சேரட்டும் என்று ஓரமாக நிற்பவள். பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் செய்முறை வகுப்பில் சுவிட்சைப் போடும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுவேன். அப்படிப்பட்ட நான், தொண்ணூறுகளின் நடுவில், யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது இலங்கையின் கிழக்குக் கரைக்குத் தனியாகப் போய்வந்தேன் என்றால் எங்கள் வீட்டில் இன்னும் யாரும் முழுசாக நம்புவதில்லை.

போக வைத்தது என் தங்கை பர்வீனின் கடிதம். திருச்சியில் படிக்க வந்த சாய்ந்தமருதுப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு, கல்முனையை ஒட்டிய அந்த ஊருக்கே போய்விட்டவள். கணவர் சவூதியில், லீவு கிடைக்கவில்லை. அவர்களுடைய ஒரே மகள் ஹஸ்னாவுக்கு ஐந்து வயது, பிறவியிலேயே இதயத்தில் கோளாறு. பத்தடி நடந்தால் குந்திவிடுவாள். அழுதால் உதடு நீலமாகும். எட்டு மாதம் காத்திருந்த பிறகு கொழும்புப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குள் வந்து சேர வேண்டும். தவறினால் மறுபடி வரிசையின் கடைசி. இன்னொரு தடவை காத்திருக்க அந்தப் பிள்ளைக்குக் காலம் போதாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். 'ஒருத்தியாகக் கொண்டுபோக எனக்குத் தைரியமில்லை அக்கா, நீ வா' என்று எழுதியிருந்தாள். தைரியம் கேட்டு யாருக்கு எழுதுகிறோம் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம் அவள்.

திங்கட்கிழமை கல்முனைக்குப் பஸ்ஸில் வந்தேன். சோதனைச் சாவடியை அங்கே சென்றி என்கிறார்கள், இராணுவத்தை ஆமி என்கிறார்கள். ஒவ்வொரு சென்றியிலும் பஸ் நிற்கும். எல்லோரும் பையோடு இறங்கி, மணல் மூட்டைகளுக்கு நடுவே வரிசையாக நடந்து மறுபக்கம் போய் ஏற வேண்டும். முதல் சென்றியில் பாஸ்போர்ட்டைத் தேடி நான் பைக்குள் கையை விட்டேன். பின்னால் வந்த பெண்மணி என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். பாண்டிருப்புக்காரர், நெற்றியில் திருநீறு, கையில் கத்தரிக்காய்ப் பை. "கேக்காம பைக்குள்ள கைய விடாதீங்க. கேட்டாப் பொறகு மெதுவா எடுங்க" என்றார். அதற்குப் பிறகு கல்முனை வரும்வரை மூக்கு அரித்தால்கூட நான் கையைத் தூக்கவில்லை.

பர்வீன் வீட்டில் எனக்காகப் புளியாணம் வைத்திருந்தார்கள். நம் ரசத்துக்கும் மீன் குழம்புக்கும் நடுவில் ஒன்று. சோற்றில் ஊற்றிக் குடித்தால் தொண்டை வரை காரம் இறங்கும். நான் இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் வெளியே டம் என்று ஒரு சத்தம். மேசைக்கடியில் பாதி போய்விட்டேன். பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் தேங்காய் விழுந்ததாம். ஹஸ்னா என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்ததிலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. கைவிரல் நகமெல்லாம் நாவற்பழம் தின்ற கை மாதிரி இருந்தது. கடிதத்தில் படித்தது ஒன்று; கண்ணால் பார்ப்பது வேறு. எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிள்ளையைப் பஸ்ஸில் கொண்டுபோகக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. ஊரில் வேன்கள் இல்லாமல் இல்லை. ஆனால் முந்தின வாரம் கொழும்புக்குப் போகும் சாலையில் துப்பாக்கிச் சத்தம் கேட்டதாம். எந்த வேன்காரரும் வர ஒப்பவில்லை. ஒப்புக்கொண்டவர் ஒரே ஒருவர், லத்தீப் காக்கா. ஐம்பது வயது, தொப்பி, வெற்றிலைச் சிவப்பு. இந்தப் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்கிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருடைய கார் ஜப்பானில் பத்து வருஷம் ஓடி, இங்கே வந்து இன்னும் சில வருஷம் ஓடியது. அதை அவர் துடைக்கிற துடைப்பைப் பார்த்தாலே நம்பிக்கை வந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை அந்த நம்பிக்கை போனது. பிள்ளைக்கு மருந்து வாங்கவும், அவள் காரில் எப்படி இருக்கிறாள் என்று பார்க்கவும், கல்முனைப் பக்கம் ஒரு நடை போய்வரலாம் என்று கிளம்பினோம். முதல் ஐந்து நிமிஷம் கார் பூப்போல ஓடியது. பிறகு மெல்ல ஒரு நடுக்கம். பெட்ரோல் வாடை உள்ளே ஏறியது. திரும்பிப் பார்த்தால் பின்னால் கரும்புகை. வேகம் குறைந்தால் இஞ்சின் இருமி இருமி நின்றுவிடும் என்று லத்தீப் காக்கா ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே போனார். சென்றி வந்தது. சென்றியில் ஊர்ந்துதான் போக வேண்டும். இவரோ ஊர்ந்துகொண்டே இஞ்சினை உறும விட்டார். உறுமிக்கொண்டு வரும் காரை ஆமிக்காரன் எப்படிப் பார்ப்பான்? மூன்று துப்பாக்கிகள் ஒரே நேரத்தில் எங்கள் கண்ணாடியை நோக்கித் திரும்பின. லத்தீப் காக்கா பயத்தில் காலை எடுத்தார். கார் ஒரு குலுங்கு குலுங்கி, தடுப்புக்கு நடுவில் அணைந்தது.

எதுவும் நடக்கவில்லை. அவரைத் தெரிந்த ஒரு சிப்பாய் இருந்தான். திட்டிவிட்டுத் தள்ளச் சொன்னான். நானும் தள்ளினேன். தள்ளி ஓரங்கட்டி உள்ளே பார்த்தபோது, ஹஸ்னா சீட்டில் குந்தியபடி வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். அந்தப் புகை வாடை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பர்வீன் அவளைத் தூக்கிக்கொண்டு கடற்காற்றுப் பக்கம் ஓடினாள். கொழும்புக்கு இந்தக் காரில் எட்டு மணி நேரம்.

மறுநாள் காலை கராஜுக்குப் போனோம். அது சாய்ந்தமருதிலேயே இருந்தது. அங்கே மெக்கானிக்கைப் பாஸ் என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். ஹனீபா பாஸ் குவைத்தில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, அங்கே சண்டை வந்ததும் ஊர் திரும்பியவர். லத்தீப் காக்கா அவர் மேல் குறையாகச் சொன்னார்: மூன்று மாதத்தில் பிளக் மாற்றியாயிற்று, ஃபில்டர் மாற்றியாயிற்று, கராஜுக்குக் கொண்டுபோனால் கார் நன்றாக ஓடுகிறது, வீட்டுக்கு வந்தால் திரும்பவும் அதே கதை. பாஸ் பக்கத்துக் குறையும் இருந்தது. இந்த மனிதர் காரை முந்தின நாளே கொண்டுவந்து விட்டுவிட்டு, மறுநாள் காலையில் வந்து நிற்கிறார். எப்போது ஸ்டார்ட் செய்தாலும் ஒரு குறையும் தெரியவில்லை என்றார்.

இருவரும் மாறி மாறிக் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, வகுப்பில் நிற்கிற மாதிரி ஒரு நினைப்பு வந்தது. நேற்றும் முதல் ஐந்து நிமிஷம் நன்றாகத்தானே ஓடியது என்று சொன்னேன். சூடாவதற்கு முன் ஒரு கதை, சூடான பின் வேறு கதை. ஹனீபா பாஸ் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இஞ்சினை அணைக்காமல், இங்கேயே கால் மணி நேரம் ஓடட்டும் என்றார்.

கால் மணி நேரத்தில் கராஜ் முழுக்கக் கரும்புகை. பாஸ் சைலன்சர் குழாய் தொடங்குகிற இடத்தில் கையைக் காட்டினார். பிளக் மாதிரி ஒரு சின்னச் சாமான், அதிலிருந்து ஒற்றை வயர். புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, வயர் வழியாக, பெட்ரோலை அளந்து விடும் காரின் மூளைக்குச் சொல்கிற சென்சார் அது. ஒரு வோல்ட்கூட வராது, அதற்குள்தான் ஏறி இறங்க வேண்டும். அவரிடம் முள் மீட்டர் இருந்தது. முள் அசையவே இல்லை. இவ்வளவு மெலிந்த மின்சாரத்தை முள் மீட்டரே இழுத்துக் குடித்துவிடும், எண் காட்டுகிற மீட்டர் வேண்டும் என்றேன். ரேடியோக் கடையிலிருந்து ஒன்று வாங்கி வந்தார்கள்.

எண் மீட்டரில் ஏதோ ஓர் அற்ப எண் வந்தது. வந்து அப்படியே நின்றது. நல்ல சென்சாராக இருந்தால் நொடிக்கு நொடி மேலும் கீழும் துள்ளும் என்றார் பாஸ். காற்றுப் போகும் வாயைத் துணியால் பாதி மூடினார். காற்றுக் குறைந்தால் எண் ஏறியே ஆக வேண்டும். இஞ்சின் திணறியது, புகை அடர்ந்தது, எண் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"புளுகன். எந்த நேரமும் காத்துக் கூடிப்போச்சு, காத்துக் கூடிப்போச்சு எண்டே செல்றான். மூள அத நம்பிப் பெற்றோல ஊத்துது. சூடாகும் மட்டும் மூள இவன்ட பேச்சக் கேக்காது. அதுதான் காலையில நல்ல புள்ள மாதிரி ஓடியிரிக்கி."

பிறகு இஞ்சினை ஆறவிட்டு, ஸ்பானர் போட்டுச் சென்சாரைக் கழற்றிக் காட்டினார். அதன் முனையில் சாம்பல் பூத்திருந்தது. ஜப்பானில் ஈயமில்லாத பெட்ரோல் குடித்துப் பழகிய கார்; இங்கே ஈயம் கலந்த பெட்ரோல் சென்சாரைக் கொன்றுவிட்டது. எங்கள் ஊர்ப் பக்கமும் அதே பெட்ரோல்தான். சென்னையில் சில பெட்ரோல் பங்குகளில்தான் அப்போது ஈயமில்லாதது வந்திருந்தது. ஆனால் எங்கள் கார்களுக்கு இப்படி மூளை கிடையாது, ஆகவே யாரும் அதை ஏமாற்றவில்லை. புதுச் சென்சார் கொழும்பில்தான் தேட வேண்டும். பாஸ் பழையதையே திரும்ப முடுக்கி, அதன் வயரை மட்டும் சாக்கெட்டிலிருந்து கழற்றிவிட்டார். பொய் சொல்ல ஆளில்லை என்றால் மூளை தனக்குத் தெரிந்த கணக்கில் நடக்குமாம். வீட்டுக்குப் போய் ஹஸ்னாவையும் ஏற்றி, நடந்ததைச் சொல்லிக்கொண்டே அரை மணி ஓட்டிப் பார்த்தோம். புகை இல்லை, வாடை இல்லை, நடுக்கம் இல்லை. ஹஸ்னா முன் சீட்டில் உட்கார்ந்து, "வயரக் கழட்டினதும் நல்லா ஓடுது என்ன" என்றாள். லத்தீப் காக்காவின் கண் நனைந்துவிட்டது. என் கண்ணும்தான்.

இதோடு விட்டிருக்க வேண்டும். வயர் தொங்கக் கூடாது என்று பாஸ் அதன் முனையில் கறுப்பு டேப்பைச் சுற்றினார். அது தொழில் சுத்தம், குற்றம் சொல்ல முடியாது. பிறகு லத்தீப் காக்கா தன் பங்குக்கு ஒன்று செய்தார். அந்த ஊர்களில் வாழ்கிறவர்கள், ஆமி கேட்டால் விளக்கம் சொல்ல வேண்டிய எதையும் கண்ணில் படாமல் வைத்துவிடுவார்கள். அது அவர்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. டேப் சுற்றிய வயரை அவர் பேட்டரிக்குப் பின்னால் செருகி, பழைய சாரன் துண்டு ஒன்றால், அதாவது லுங்கிக் கிழிசலால், மூடி வைத்தார். எங்களிடம் சொல்லவும் இல்லை.

வியாழன் விடிந்ததும் கிளம்பினோம். சம்மாந்துறையில் ஆலைக்கு நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்கள் முன்னால் போக, பின்னால் ஊர்ந்தோம். ஊர்ந்தும் கார் அணையவில்லை. பர்வீன் ரொட்டியும் மாசிச் சம்பலும் பிட்டுக் கொடுத்தாள். வயல் முடிவே இல்லாமல் பச்சையாகக் கிடந்தது. காவிரிக் கரை ஞாபகம் வந்தது. மூன்று நாளில் முதல் தடவையாக எனக்குப் பசித்தது.

அதைத் தாண்டி ஒரு சென்றி. இது லத்தீப் காக்காவைத் தெரியாத சென்றி. எல்லோரும் இறங்கினோம். பானெட்டைத் திறக்கச் சொன்னார்கள். இருபது வயதிருக்கும் ஒரு சிப்பாய் குனிந்து பார்த்தான். துப்பாக்கி நுனியால் அந்தச் சாரன் துண்டைத் தூக்கினான்.

பேட்டரி. அதை ஒட்டி, மறைத்து வைத்த ஒரு வயர். முனையில் கறுப்பு டேப்.

அவன் கத்திக்கொண்டு பின்னால் பாய்ந்தான். ஒரு நொடியில் எல்லா ஆமிக்காரர்களும் மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டார்கள். லத்தீப் காக்காவைச் சாலையில் முழங்காலில் நிறுத்தி, கைகளைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொன்னார்கள். அவர் தொப்பி கீழே விழுந்தது. சிங்களத்தில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், பேசாதே என்று அதட்டினார்கள். பர்வீன் ஹஸ்னாவை மடியில் இறுக்கிக்கொண்டு சாலை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அழாதே, அழாதே என்று அவள் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அழுதால் அங்கே டாக்டர் இல்லை, ஆக்ஸிஜன் இல்லை, ஒன்றும் இல்லை.

நான் ஏன் பேசினேன் என்று எனக்கு இன்றும் தெரியாது. "அது ஆக்ஸிஜன் சென்சார்" என்று இங்கிலீஷில் சொன்னேன். குரல் கீச்சென்று வந்தது. மூட்டைக்குப் பின்னாலிருந்து ஓர் இளம் அதிகாரி எட்டிப் பார்த்தார். நீ யார் என்று கேட்டார். இந்தியாவிலிருந்து வந்த இயற்பியல் டீச்சர், பிள்ளைக்கு இதய ஆப்பரேஷன் என்றேன். அந்த வயரை இணைத்தால் என்ன ஆகும் என்று கேட்டார். புகை வரும் என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. கழற்றினால் என்ன ஆகும்? நன்றாக ஓடும். அப்படியானால் அந்த வயரை எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குள் அவர் முடிவு செய்துவிட்டார்: நீயே இணைத்துக் காட்டு, நாங்கள் இங்கேயே நிற்கிறோம்.

லத்தீப் காக்காவை எழுப்பி ஸ்டியரிங்கில் உட்கார வைத்து, இஞ்சினைக் கிளப்பச் சொன்னார்கள். "டீச்சர், மெதுவாச் செய்யுங்க. அல்லாட காவல்" என்றார். செய்முறை வகுப்பில் சுவிட்சைப் போடாதவள், அந்தக் கறுப்பு டேப்பை நகத்தால் உரித்தேன். அது ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. இஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. வயரைச் சாக்கெட்டில் செருகினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. பத்து நொடி, இருபது நொடி. மூளை பொய்யைக் கேட்டு நம்பக் கொஞ்ச நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். மூட்டைக்குப் பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒரு துப்பாக்கி க்ளிக் என்றது. அறிந்த துஆவையெல்லாம் ஓதினேன், பாதியில் எல்லாம் கலந்துபோயின. பிறகு இஞ்சின் ஒரு தடவை இருமியது. இன்னொரு தடவை. கரும்புகை பின்னால் கொட்டியது. கார் நடுங்கி நடுங்கி அணைந்தது. நான் வயரைப் பிடுங்கினேன். லத்தீப் காக்கா ஸ்டார்ட் செய்தார். இரண்டு முறை முரண்டு பிடித்து, பிறகு சீராக ஓடியது.

யாரோ ஒரு சிப்பாய் சிரித்தான். அதிகாரி வந்து, சாரன் துண்டை எடுத்துப் புதருக்குள் எறிந்தார். இனி எதையும் மூடி வைக்காதே என்று லத்தீப் காக்காவிடம் சிங்களத்தில் சொன்னாராம். ஹஸ்னாவின் உதட்டைப் பார்த்தார். போங்கள் என்று கையைக் காட்டினார். அதன் பிறகு வந்த ஒவ்வொரு சென்றியிலும், கேட்பதற்கு முன்பே லத்தீப் காக்கா பானெட்டைத் தூக்கி, வயரைக் கையில் பிடித்து, கல்யாண வீட்டில் நகை காட்டுகிற மாதிரி காட்டினார்.

நான்கு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினோம்.

மறுநாள் ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தப் பயணத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அன்றைய மாலைதான்.

வார்டில் ஒரு நர்ஸ் ஹஸ்னாவின் விரலில் சின்னக் கிளிப் ஒன்றை மாட்டினார். உள்ளே சிவப்பாக ஒரு வெளிச்சம். அதிலிருந்து ஒரு வயர் கட்டிலோரத்துப் பெட்டிக்குப் போனது, பெட்டியில் ஒரு எண் எரிந்தது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று அது சொல்லும், காரில் இருந்தது மாதிரியே என்று பர்வீனுக்கு விளக்கினேன். டீச்சர் வாய், சும்மா இருக்காது. பர்வீன் படிவம் நிரப்பப் போனாள். நான் தண்ணீர் ஊற்றத் திரும்பினேன்.

பெட்டி அலறியது. திரும்பினால் எண் இல்லை. இரண்டு நர்ஸ்கள் ஓடி வந்தார்கள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஹஸ்னா எழுந்து உட்கார்ந்து, காலைக் கீழே தொங்கவிட்டிருந்தாள். கழற்றிய கிளிப் அவள் மடியில் கிடந்தது.

"வயரக் கழட்டிட்டன் பெரியம்மா. இனி நானும் நல்லா ஓடுவன்தானே?"

பிள்ளை என்ன சொல்கிறாள் என்று நர்ஸ் கையசைத்துக் கேட்டார். காரில் பொய் சொன்னது வயர். இங்கே அது மெய்யைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் விரலைப் பிடித்து, கிளிப்பைத் திரும்ப மாட்டினேன். அந்தக் குறைந்த எண் மறுபடி எரிந்தது. நாளைக்கு டாக்டர் சரி பண்ணுவார், அதற்குப் பிறகு ஓடலாம் என்றேன்.

"மெய்யா?"

"ஓம்" என்றேன். மெய்யா என்று எனக்குத் தெரியாது.